ரெரா எண்ணைப் பெரிதாகப் போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மதுராந்தகத்தில் தையல் கடை வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை உங்கள் நாளிதழில் வரும் மனை விளம்பரங்களைப் பற்றி எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்திருந்தேன்.

2011 அக்டோபரில் எங்கள் தெருவில் இருக்கும் ஓர் அண்ணன் என்னை ஒரு தவணைத் திட்டத்தில் சேர்த்துவிட்டார். மாதம் 1,000 ரூபாய், 60 மாதம், 1,200 சதுர அடி மனை. இலவச வேனில் கூட்டிப்போய்க் காட்டினார்கள். வண்ணக் கொடி, வளைவு, மஞ்சள் பெயின்ட் அடித்த அளவுக் கல், மதியம் சாப்பாடு. ஒரு மாதம்கூடத் தவறாமல் கட்டினேன். தீபாவளி நேரத்தில் ராத்திரி இரண்டு மணி வரை தைத்த காசு அது.

கடைசித் தவணை கட்டியது 2016 செப்டம்பர் முதல் வாரம். அந்த மாதம் 9ஆம் தேதி, அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பதிவு செய்யக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் தடை போட்டது. தடை நீங்கியதும் பதிவு செய்து தருகிறோம் என்றது கம்பெனி. அடுத்த வருடம் அப்படிப்பட்ட மனைகளை முறைப்படுத்த அரசு வரன்முறைத் திட்டம் கொண்டுவந்தபோது அலுவலகத்தில் பூட்டு தொங்கியது. அப்புறம்தான் வில்லங்கம் போட்டுப் பார்த்தோம். அந்த சர்வே எண்ணில் கம்பெனி பெயரே இல்லை.

அந்த அண்ணன் சேர்த்துவிட்டது 14 வீடு. அவரும் இரண்டு தவணை அட்டை போட்டிருந்தார். என் அட்டையில் தனக்குக் கிடைத்த கமிஷன் 3,000 ரூபாயைக் கொண்டுவந்து மெஷின் மேல் வைத்தார். வாங்கிக்கொண்டேன், மறுத்தால் அவர் மனசு தாங்காது. 14 வீட்டுக்கும் அப்படியே கொடுத்தார். அவர் மேல் இன்றும் எனக்கு வருத்தமில்லை. ஆனால் எங்களில் ஒருவர்கூட மூலப் பத்திரத்தைக் கேட்கவில்லை. கேட்டால் அண்ணன் என்ன நினைப்பாரோ என்ற கூச்சம். அந்தக் கூச்சம் தெரிந்துதான் கம்பெனிகள் தெருவுக்கு ஓர் ஆளைப் பிடிக்கின்றன.

இப்போது மனை, வீடு விற்பனையை ஒழுங்குபடுத்தும் 2016ஆம் வருட ரெரா சட்டம் இருக்கிறது. பதிவு செய்ய வேண்டிய மனைப்பிரிவை விளம்பரம் செய்தால் பதிவு எண்ணும் ரெரா ஆணையத்தின் இணைய முகவரியும் அதில் இருக்க வேண்டும், முகவரி எடுப்பாகத் தெரிய வேண்டும் என்கிறது சட்டம். அந்த மனைகளை விற்றுத்தரும் முகவரும் பதிவு செய்திருக்க வேண்டும். உங்கள் தாளிலோ தங்கக் காசு கால் பக்கத்துக்கு மின்னுகிறது, எண் எறும்பு அளவில் இருக்கிறது. சிலதில் ‘டிடிசிபி அப்ரூவ்டு’ என்று மட்டும் போடுகிறார்கள். அது மனைப்பிரிவு வரைபடத்துக்கு நகர் ஊரமைப்பு இயக்ககம் தரும் ஒப்புதல், நிலம் யாருடையது என்பதைப் பத்திரத்தில்தான் பார்க்க வேண்டும். எண் தராதவர்களிடம் காரணம் கேளுங்கள், அதுவரை விளம்பரம் வாங்காதீர்கள். தருபவர்களுடையதை விலை போட்டிருக்கும் அதே அளவு எழுத்தில் அச்சிடுங்கள்.

போன வாரம் என் கடையில் வேலை செய்யும் பெண் ஒரு விளம்பரத்தை வெட்டி எடுத்துவந்து காட்டினாள். கல்யாணத்துக்குச் சேர்த்த பணத்தில் முன்பணம் கட்டப் போகிறாளாம். இரண்டு பேரும் ஓரம் ஓரமாகத் தேடினோம். எண் இல்லை. “பேப்பர்லயே வந்திருக்கே அக்கா, பொய்யா இருக்குமா?” என்று கேட்டாள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
மதுராந்தகம்.