வீட்டிலேயே குணமாகும் என்று காட்டியவருக்கு

மதிப்பிற்குரிய மருத்துவர் வாலஸ் ஃபாக்ஸ் அவர்களுக்கு,

வணக்கம். மின்சார ரயில், காசநோய் மருத்துவமனையின் பெயரைத் தாங்கிய தாம்பரம் சானடோரியம் நிலையத்தில் நிற்கும்போதெல்லாம் உங்கள் நினைவு வருகிறது. காசநோய் கண்டவர் வீட்டை விட்டு விலகி மாதக்கணக்கில் கட்டிலில் கிடக்கவேண்டும் என்று மருத்துவ உலகம் நம்பியிருந்த காலத்தில், 1956-இல் சென்னையில் தொடங்கிய ஆய்வு மையத்தில், 193 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்குச் சானடோரியத்திலும் மற்றவர்களுக்கு அவரவர் நெருக்கடியான வீடுகளிலும் ஐசோனியசிட், பாஸ் (PAS) என்னும் காசநோய் மருந்துகளை ஓராண்டு கொடுத்தீர்கள்.

சானடோரியத்தில் இருந்தவர்களுக்குச் சாப்பாடும் ஓய்வும் மேலாகக் கிடைத்தன. எடையும் அவர்களுக்கே அதிகம் ஏறியது. அப்படியிருந்தும், 1959-இல் வெளியான முடிவுகளில் கிருமி நீங்கியவர்களின் விகிதம் இரு பிரிவிலும் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தது. வீட்டில் உடனிருந்தவர்களுக்கு நோய் கூடுதலாகத் தொற்றவும் இல்லை. இதற்கு இணையாக நான் மதிப்பது, கொடுத்த மாத்திரையை நோயாளி விழுங்கியிருப்பார் என்று நீங்கள் எளிதாக நம்பிவிடவில்லை என்பதை. முன்னறிவிப்பின்றி வீட்டுக்குச் சென்று மாத்திரைகளை எண்ணினீர்கள், சிறுநீரைப் பரிசோதித்தீர்கள். ஆனால் தவறவிட்டவரைக் குற்றவாளியாக்காமல், தவறியதற்கான காரணத்தைத் தேடினீர்கள்.

அதன் பிறகு வீட்டுச் சிகிச்சையே உலகெங்கும் வழக்கமாயிற்று. எந்த நல்ல விதியும் பழகப் பழகக் கண்ணை மறைக்கும் போலும்; எழுந்து நிற்க முடியாத நிலையில் வருபவருக்கும் மாத்திரையைக் கொடுத்து வீட்டுக்கு அனுப்புவது இயல்பாகிவிட்டது. காசநோய் இறப்புகளில் பெரும்பகுதி சிகிச்சையின் முதல் இரண்டு மாதங்களிலேயே நேர்கிறது. 2022-இல் தொடங்கிய தமிழ்நாடு காசநோய் இறப்பில்லாத் திட்டத்தில், நோய் உறுதியானவுடன் உயரம், எடை, இரு கால் வீக்கம், மூச்சு வேகம், விரலில் மாட்டும் கருவி காட்டும் ஆக்சிஜன் அளவு, பிடிமானமின்றி நிற்க முடிகிறதா என்பவற்றைப் பார்த்து, ஆபத்தில் இருப்பவர்களை உள்நோயாளியாகச் சேர்க்கிறார்கள். இதற்கு எக்ஸ்ரேகூட வேண்டியதில்லை.

உங்கள் முடிவை இது மறுப்பதாக எனக்குத் தோன்றவில்லை. மருத்துவமனைக் கட்டில் எல்லோருக்கும் தேவையா என்று நீங்கள் கேட்டீர்கள். யாருக்குத் தேவை, எத்தனை நாள் தேவை என்று இவர்கள் கேட்கிறார்கள். ஜார்க்கண்டில் நடந்து 2023-இல் வெளியான ஆய்வொன்றில், தொடக்க மாதங்களில் எடை ஏறியவர்களிடையே இறப்பு குறைந்திருந்தது. உங்கள் ஆய்வில் கிருமியை ஒழிப்பதற்கு அவசியமில்லை என்று தெரிந்த அந்தச் சானடோரியச் சாப்பாடு, எலும்பும் தோலுமாக வருபவருக்கு அடுத்த மாதத்தைக் காண அவசியமாகிறது.

பணிவன்புடன்,
ஒரு வாசகன்