எங்கள் சங்கத்தின் ஏழு பேர்

மதுரை

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. ஓய்வு பெற்ற பிறகும் எதற்காக இந்தச் சங்க வேலையை இழுத்துப் போட்டுக்கொண்டிருக்கிறாய் என்று கேட்டிருந்தாய். குடும்ப வன்முறைக்கு ஆளான பெண்களுக்கு உதவும் எங்கள் சிறு சங்கத்தில் நான் பொருளாளராகி இரண்டரை ஆண்டுகள் ஆகின்றன. அடிபட்டு வருகிறவர்களுக்கு ஆறுதல் சொல்வதுதான் என் வேலை என்று நீ நினைத்திருக்கிறாய் போலும். அதை ஆலோசகர்கள் இருவர் செய்கிறார்கள். நிர்வாகக் குழுவினராகிய நாங்கள் ஏழு பேரும் மாதம் ஒருமுறை கூடி, கணக்குப் பார்த்து, தீர்மானப் புத்தகத்தில் கையெழுத்திடுகிறவர்கள். ஆனால் இந்த ஏழு பேரும் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்பதைப் பொறுத்தே அந்த இருவராலும் வேலை செய்ய முடியும் என்பது எனக்குச் சென்ற ஆண்டுதான் விளங்கியது.

அந்த ஆண்டு ஒரு கூட்டத்தில், சங்கம் தொடங்கிய நாளிலிருந்து நன்கொடை தந்துவரும் குழு உறுப்பினரான பெரியவர் ஒருவர், உதவி கேட்டு வந்த பெண்களை எண்ணால் குறித்திருந்த அறிக்கையைப் படித்துக்கொண்டே வந்தவர் நிறுத்தி, "இந்தப் பதினேழாம் எண் யாருடைய மகள்? நமக்குத் தெரிந்த குடும்பமாக இருந்தால் நானே பேசிச் சேர்த்து வைத்துவிடுவேனே" என்றார். ஆலோசகர் பதில் சொல்லவில்லை. கோப்பை மூடி, மடியில் வைத்து, அதன்மேல் இரண்டு கைகளையும் ஊன்றிக்கொண்டார். பெரியவர் கெட்டவர் அல்லர். ஊர்ப் பஞ்சாயத்தில் உட்கார்ந்து எத்தனையோ வழக்குகளைத் தீர்த்தவர். சேர்த்து வைப்பதே தருமம் என்று நம்புகிறவர். ஒருகாலத்தில் எங்கள் கதவைத் தட்டிய பெண் ஒருவரும் இப்போது குழுவில் இருக்கிறார் (யாரென்று உனக்கும் சொல்ல மாட்டேன்). அவர்தான் மெதுவாகக் கேட்டார்: "சேர்த்து வைத்த அன்று ராத்திரி அந்த வீட்டில் யார் ஐயா இருப்பீர்கள்?"

வீட்டுக்கு வந்து சட்டத்தை எடுத்துப் படித்தேன். 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்துக்கு 2006இல் வகுக்கப்பட்ட விதிகள், வழக்கோடு தொடர்புடையவரோ இரு தரப்பில் ஒருவருக்கு உறவினரோ, எல்லாத் தரப்பினரும் எழுத்து மூலம் இசைந்தாலன்றி, ஆலோசகராகக் கூடாது என்கின்றன; சமரசப் பேச்சையும் பாதிக்கப்பட்ட பெண் விரும்பினால்தான் தொடங்கலாம்; அடித்தவன் தன் செயலுக்கு நியாயம் சொல்ல அங்கே இடமில்லை. ஆலோசகருக்கு இவ்வளவு வரம்பு வைத்திருக்கும்போது, அவருக்குச் சம்பளம் தரும் எங்களுக்கு என்ன வரம்பு? எங்கள் சங்கம் பதிவாகியிருக்கும் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975, குழுவில் குறைந்தது மூவர் இருக்க வேண்டும், பதவிக்காலம் மூன்றாண்டுக்கு மேல் கூடாது, கணக்கு ஒழுங்காக இருக்க வேண்டும் என்றெல்லாம் சொல்கிறது. குழுவினர் எதைக் கேட்கக் கூடாது என்று சொல்லவில்லை. அதை நாங்களே எழுதிக்கொண்டோம்: பெயரும் ஊரும் குழுவுக்கு வராது, எண் மட்டுமே வரும், ஏதேனும் ஒரு தரப்பு தமக்கு உறவென்று தெரிந்த உறுப்பினர் வெளியே சென்றுவிட வேண்டும், அவர் சென்றதும் தீர்மானப் புத்தகத்தில் ஏற வேண்டும். பெரியவர் எதிர்த்தே வாக்களித்தார். இரண்டு மாதம் கூட்டத்துக்கு வரவில்லை. மூன்றாம் மாதம், எங்களிடம் வரும் பெண்கள் தங்கும் இல்லத்துக்கென்று இரண்டு மூட்டை அரிசி அனுப்பினார். வண்டிக்காரன் கொண்டுவந்த சீட்டில் இல்லத்தின் முகவரியைக் கேட்டு எழுதாமல் அலுவலக முகவரியையே எழுதியிருந்தார்.

என் பாடு வேறு. நள்ளிரவில் ஒரு பெண்ணையும் குழந்தையையும் ஏற்றிவந்த ஆட்டோவுக்கு 450 ரூபாய் என்று வவுச்சர் இருக்கிறது. எங்கிருந்து எங்கே என்ற இடம் காலி. ஆடிட்டர் கேட்பது நியாயந்தானே? எழுதி வைத்தால் இல்லம் இருக்கும் இடம் கோப்பில் ஏறிவிடும். எழுதாவிட்டால் நாளை யாரும் எந்தச் செலவையும் ஆட்டோ என்று காட்டலாம். இப்போது வவுச்சரில் எண்ணும் தொலைவும் மட்டும் எழுதுகிறோம். இடங்களின் பெயர் ஆலோசகர் பூட்டி வைத்திருக்கும் பதிவேட்டில் இருக்கிறது. ஆடிட்டர் நேரில் வந்து பார்த்துக் கையெழுத்திட்டுப் போகிறார். எனக்கு அந்தப் பதிவேட்டைத் திறக்கும் உரிமை இல்லை. பொருளாளருக்கே இல்லையா என்று முதலில் சுருக்கென்றது உண்மைதான்.

வரும் பொதுக்குழுவில் எங்கள் எல்லோருடைய பதவிக்காலமும் முடிகிறது. கூடப் பிறந்த தம்பி வந்து கேட்டால்கூடக் கணக்கில் உள்ள இருப்பைச் சொல்லாத வங்கியில் முப்பது ஆண்டு உட்கார்ந்தவள் நீ. மாதம் ஒரு சனிக்கிழமை, திருநெல்வேலியிலிருந்து காலை ரயிலில் வந்தால் மாலையில் திரும்பிவிடலாம். உறுப்பினர் படிவத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். நிரப்பி அனுப்புவதானால் இந்த மாதத்துக்குள் அனுப்பு.

உன் அன்புத் தோழி