கலையகப் பயணம்: ஸ்வெட்டர் வேண்டும், வெள்ளைச் சட்டை வேண்டாம்

அன்புள்ள பெற்றோர், பாதுகாவலர் அனைவருக்கும்,

வணக்கம். தரம் 10, 11இல் தொடர்பாடலும் ஊடகக் கற்கையும் படிக்கும் 38 பிள்ளைகளை இம்மாதக் கடைசிச் சனிக்கிழமை கொழும்பில் ஒரு தொலைக்காட்சி நிலையத்துக்கு அழைத்துச் செல்கிறோம். காலையில் கலையகங்களைச் சுற்றிப் பார்ப்பார்கள். மதியத்துக்குப் பிறகு ஒரு நிகழ்ச்சியின் ஒளிப்பதிவில் பார்வையாளராக உட்காருவார்கள். வலயக் கல்விப் பணிமனையின் அனுமதி கிடைத்துவிட்டது. நிலையத்தின் பெயர், விலாசம், செலவு விபரம் எல்லாம் இத்துடன் வரும் படிவத்தில் உண்டு.

இந்தச் செய்தி பிள்ளைகள் வாயிலாக வீடுகளுக்கு வந்து சேர்ந்த நாளிலிருந்து எனக்கு வரும் அழைப்புகளில் பாதிக்கு மேல் ஒரே கேள்விதான். "சேர், எந்த நாள், எத்தனை மணிக்குப் போடுவினம்? சொந்தக்காரருக்குச் சொல்லோணும்." தயவுசெய்து யாருக்கும் சொல்லாதீர்கள். பிள்ளை திரையில் தெரிவார் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. பதிவு செய்ததை வெட்டித்தான் ஒளிபரப்புவார்கள். பார்வையாளர் பக்கம் கமெரா திரும்புவது இடைக்கிடைதான். அதிலும் எந்த வரிசை தப்பும் என்று யாருக்கும் தெரியாது.

இதை அனுபவத்தில் சொல்கிறேன். முன்பு வேறொரு பாடசாலையில் ஆசிரியராக இருந்தபோது இப்படி ஒரு பயணம் போனோம். செலவு மிச்சம் என்று இரவு ரயில். விடிவதற்கு முன்பே கொழும்புக் கோட்டை ரயில் நிலையத்தில் இறங்கி, அங்கேயே முகம் கழுவி, நேரே கலையகம். ஒன்பது மணிக்கு வரச் சொன்னவர்கள் பதிவைத் தொடங்கும்போது மதியம் தாண்டிவிட்டது. நிகழ்ச்சி ஒளிபரப்பானபோது எங்கள் வரிசை மூன்று செக்கன் வந்தது. அந்த மூன்று செக்கனும் நடுவில் இருந்த பையன் வாயை ஆவென்று திறந்து கொட்டாவி விட்டுக்கொண்டிருக்கிறான். அவனுடைய அம்மம்மா ஒழுங்கை முழுவதையும் கூப்பிட்டு வீட்டில் உட்கார வைத்திருந்தாராம். பையனில் பிழையில்லை. தூங்காத பிள்ளையை இருட்டில், குளிரில், மெத்தைக் கதிரையில் இருத்தியது நாங்கள்.

ஆகவே இம்முறை வெள்ளிக்கிழமை மதியமே திருகோணமலையிலிருந்து பஸ்ஸில் புறப்படுகிறோம். கந்தளாய், ஹபரணை, தம்புள்ளை, குருநாகல் வழியாக ஏறக்குறைய 260 கிலோமீற்றர். இரவு ஒரு பாடசாலை விடுதியில் தங்கல். பெண்பிள்ளைகளுடன் மூன்று ஆசிரியைகள் இருப்பார்கள். தொழுகைக்கும், வெள்ளிக்கிழமை மரக்கறிச் சாப்பாட்டுக்கும் ஒழுங்கு செய்திருக்கிறோம்.

திரையில் வராவிட்டால் எதற்கு இந்தச் செலவு என்று ஒரு தந்தை நேரிலேயே கேட்டார். நியாயமான கேள்வி. பார்க்க வேண்டியது கமெராவுக்குப் பின்னால் இருக்கிறது என்பதே என் பதில்.

கலையகத்தில் நான்கு கமெரா ஒரே நேரத்தில் ஓடும். நான்கின் படமும் பக்கத்திலுள்ள கட்டுப்பாட்டு அறைத் திரைகளில் வரிசையாகத் தெரியும். இயக்குநர் "இரண்டு" என்றதும் பக்கத்தில் இருப்பவர் ஒரு பொத்தானை அழுத்துவார். அந்தக் கணமே இரண்டாம் கமெராவின் தலையில் சிவப்பு விளக்கு எரியும். பேசுபவர் எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்பதை அந்த விளக்குத்தான் சொல்கிறது. இயக்குநரின் குரல் அறிவிப்பாளரின் காதில் ஒரு சிறு கருவியால் வந்துகொண்டேயிருக்கும். விருந்தினருடன் சிரித்துக் கதைத்தபடியே "இன்னும் நாற்பது செக்கன், முடியுங்கள்" என்பதையும் அவர் கேட்டுக்கொண்டிருக்கிறார். நம் பிள்ளைகளில் எத்தனை பேரால் ஆசிரியர் சொல்வதையும் பக்கத்திலிருப்பவர் சொல்வதையும் ஒன்றாகக் கேட்க முடியும்? (முடியும் என்று சிலர் வகுப்பில் தினமும் நிரூபிக்கிறார்கள். அது வேறு.)

செய்தி வாசிப்பவர் தாளைப் பார்க்காமல் எப்படி வாசிக்கிறார் என்று பிள்ளைகளைக் கேட்டேன். மனப்பாடம் என்றார்கள். கமெராவின் வாய்க்கு முன்னால் ஒரு கண்ணாடியைச் சாய்த்து வைத்திருப்பார்கள். கீழேயுள்ள திரையில் ஓடும் எழுத்து அதில் பட்டு வாசிப்பவருக்குத் தெரியும். கமெரா கண்ணாடிக்குள்ளால் பார்ப்பதால் அதற்கு எழுத்துத் தெரியாது. பௌதிகவியலில் ஒளித்தெறிப்பை இரண்டு கிழமை படித்த பிள்ளைகள் இதை நேரில் பார்க்கட்டும்.

அங்கிருந்து படம் நம் வீட்டுக்கு எப்படி வருகிறது என்பதையும் பயணத்துக்கு முன் வகுப்பில் சொல்லிக்கொடுக்கிறோம். இலங்கையில் தொலைக்காட்சி 1979இல் ஐ.ரி.என். என்ற நிலையத்துடன் தொடங்கியது. 1982இல் ஜப்பானின் உதவியுடன் அரச தொலைக்காட்சியான ரூபவாஹினி வந்தது. 2,524 மீற்றர் உயரமான பீதுருதலாகலை உச்சியில் அதன் ஒளிபரப்புக் கோபுரம் நின்றது. திருகோணமலைக்கும் இந்தத் துறையில் ஒரு பங்குண்டு. ஜேர்மனியின் டொய்ச்ச வெல்ல வானொலி நெடுங்காலம் இங்கிருந்துதான் ஆசியாவுக்குச் சிற்றலையில் அஞ்சல் (மறு ஒலிபரப்பு) செய்தது. அதில் வேலை செய்த தாத்தாமார் யாராவது உங்கள் வீட்டில் இருந்தால் எனக்குச் சொல்லுங்கள், வகுப்புக்கு அழைக்க ஆசை.

இன்னொரு விடயம், கைதட்டல். பதிவு தொடங்குமுன் ஒருவர் வந்து பகிடி விட்டுப் பார்வையாளரைச் சூடேற்றுவார். பிறகு, மேடையில் எதுவும் நடக்காமலே கைதட்டச் சொல்லி, சிரிக்கச் சொல்லி, அதைத் தனியாகப் பதிந்து வைப்பதும் உண்டு. அறிவிப்பாளர் ஒரு சொல்லைப் பிழைவிட்டால் அதே பகிடிக்கு இரண்டாம் முறையும் சிரிக்க வேண்டும். "பொய்க் கைதட்டல் பழக்கவா கூட்டிக்கொண்டு போறியள்?" என்று கூட்டத்தில் ஒரு தாய் கேட்டார். பழக்க இல்லை, அம்மா. ஒரு தடவை தானே அப்படித் தட்டிய பிள்ளை, அடுத்த முறை டீவீயில் கைதட்டல் கேட்கும்போது கொஞ்சம் யோசிக்கும். இந்தப் பயணத்தில் வேறொன்றுமே கிடைக்காவிட்டாலும் எனக்கு இது போதும்.

இனி உடுப்பு. சீருடை வேண்டாம் என்றதும் ஒழுக்காற்றுக் குழு முகம் சுளித்தது. ஆனால் அந்த விளக்குகளின் கீழ் வெள்ளைச் சட்டை பளீரென்று எரியும். 38 வெள்ளைச் சட்டை ஒன்றாக இருந்தால் முகங்கள் கறுத்துப்போகும். நிலையத்தாரே கேட்டுக்கொண்டார்கள். நெருக்கமான கோடு, சிறு கட்டம் போட்ட துணியும் கூடாது, திரையில் அலையலையாக நெளியும். பின்னணியைப் பச்சைத் திரையால் மாற்றுவார்களாதலால் பச்சையையும் தவிருங்கள். நீலம், ஊதா, மண்நிறம் எதுவும் சரி. புதிதாக வாங்க வேண்டாம். போன பெருநாளுக்கோ தீபாவளிக்கோ எடுத்தது போதும்.

ஸ்வெட்டர் கட்டாயம். கருவிகளுக்காகக் கலையகத்தைக் குளிரூட்டியே வைத்திருப்பார்கள். உப்புவெளியில் ஸ்வெட்டருக்கு என்ன வேலை என்று சிரிக்காதீர்கள். நுவரெலியா போய்வந்த வீடு ஏதாவது அயலில் இருக்கும், இரவல் வாங்குங்கள்.

படிவத்தின் இரண்டாம் பக்கம் முக்கியம். பிள்ளையின் முகத்தை ஒளிபரப்பச் சம்மதமா இல்லையா என்று அதில் குறிக்க வேண்டும். சம்மதமில்லை என்றால் காரணம் கேட்கமாட்டோம். பிள்ளை வழமைபோல வருவார். கமெரா எட்டாத ஓரத்தில், ஒரு ஆசிரியருடன் இருத்துவோம். உண்மையில் அங்கிருந்துதான் எல்லாம் நன்றாகத் தெரியும், நான் அந்தப் பக்கம்தான் இருக்கப் போகிறேன்.

கைத்தொலைபேசிகளைக் கலையக வாசலில் வகுப்பாசிரியர் வாங்கி வைப்பார். மடியிலிருக்கும் போன் அதிர்ந்தாலும் மைக் பிடித்துவிடும், பிறகு முழுவதையும் திரும்ப எடுக்க வேண்டும். ஆகவே பதிவு நடக்கும் பின்னேரம் பிள்ளையை அழைக்க வேண்டாம். அவசரமென்றால் படிவத்திலுள்ள பாடசாலை இலக்கத்துக்கு எடுங்கள், உப அதிபர் இங்கேயே இருப்பார்.

பணம் கட்டுவது கஷ்டமென்றால் என்னிடம் நேரே வாருங்கள். பழைய மாணவர் சங்கம் சில பிள்ளைகளின் செலவை ஏற்கிறது. யார் என்பது எனக்கும் கணக்காளருக்கும் மட்டுமே தெரியும்.

படிவம் அடுத்த புதன்கிழமைக்குள் வகுப்பாசிரியர் கையில் கிடைக்க வேண்டும். பெயர்ப்பட்டியலை வியாழன் காலை நிலையத்துக்கு அனுப்புகிறோம். அதில் இல்லாத பெயரை வாசலில் உள்ளே விடமாட்டார்கள்.

இப்படிக்கு,
அதிபர்
திருகோணமலை