பழைய நில ஏடுகளை மக்கள் பார்வைக்குத் திறந்து வையுங்கள்

மதிப்பிற்குரிய சேலம் மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கு,

வணக்கம். பத்திரம் எழுதுவது என் தொழில். நிலம் வாங்க வருகிறவர்கள் பட்டாவையும் வில்லங்கச் சான்றையும் மேசையில் வைத்து, எல்லாம் சரியாக இருக்கிறது என்கிறார்கள். இரண்டும் கைபேசியிலேயே கிடைப்பது பெரிய வசதிதான். ஆனால் இந்த நிலம் இவர் கைக்கு எப்படி வந்தது என்பதற்கு அவை பாதி பதிலே சொல்கின்றன.

வில்லங்கச் சான்றில் பதிவான பத்திரம் மட்டுமே ஏறும். அண்ணன் தம்பிகள் வாய்மொழியாகப் பாகம் பிரித்தது அதில் இராது. பட்டாவோ, 1979 முதல் 1987 வரை நடந்த நிலவுடைமை மேம்பாட்டுத் திட்டத்தில், அதாவது யூடிஆரில், எழுதிய பெயரிலிருந்து தொடங்குகிறது. அப்போது ஏக்கர் ஹெக்டேர் ஆனது, உட்பிரிவுகள் மாறின, கூட்டுப் பட்டாவில் இருந்த பங்காளி ஒருவரின் பெயர் விடுபட்டுப் போனதும் உண்டு. திருத்தக் கோரி மனுக் கொடுத்தால், யூடிஆருக்கு முந்தைய ஆதாரம் எங்கே என்கிறார்கள். அந்த ஆதாரம் அரசின் பதிவறையில்தான் இருக்கிறது! தன்னிடம் உள்ள ஏட்டை அரசே குடியானவரிடம் கேட்பது என்ன நியாயம்?

நம் மாவட்டத்தில் இந்தச் சிக்கல் இன்னும் ஆழமானது. 1792-இல் திப்புவிடமிருந்து கிழக்கிந்தியக் கும்பினி வசம் வந்த பாராமகாலிலும் (இன்றைய கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கம்) சேலத்திலும்தான் கும்பினி அதிகாரி ரீடும் அவருடைய உதவியாளர் மன்றோவும் குடியானவர்களிடம் நேரடியாகத் தீர்வை வசூலிக்கும் ரயத்துவாரி முறைக்கு அடித்தளமிட்டார்கள். அடுத்த சில ஆண்டுகளிலேயே ஊர்களை மிட்டாக்களாக, அதாவது சிறு ஜமீன்களாக, ஏலம் விட்டார்கள். 1948-ஆம் ஆண்டு ஜமீன் ஒழிப்புச் சட்டத்துக்குப் பிறகு மிட்டா ஊர்களுக்குத் தனியாக செட்டில்மென்ட், அதாவது நிலத்தை அளந்து உரிமையையும் தீர்வையையும் முடிவு செய்யும் பணி, நடந்தது. ஆக, ஒரு மிட்டா ஊர் நிலத்தின் மூலத்தைத் தேடினால் மிட்டாதார் காலம், செட்டில்மென்ட், யூடிஆர் என்று மூன்று அடுக்கைக் கடக்க வேண்டும். நடுவில் ஓர் அடுக்கு கிடைக்காவிட்டால் வழக்குதான்.

ஏற்காட்டை நினைத்தால் மனம் பதறுகிறது. 1820-களில் கலெக்டர் காக்பர்ன் காலத்தில் சேர்வராயன் மலைக்குக் காப்பி வந்தது; தோட்டங்கள் பெருகின. இடையிடையே மலையாளி என்னும் பழங்குடி மக்களின் ஊர்கள். பத்திரமே எழுதாமல் தலைமுறையாகக் கைமாறிய நிலத்துக்குப் பழைய ஏட்டின் ஒற்றை வரிதான் சாட்சி. 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தின் விதிகளும் பழைய சர்வே, செட்டில்மென்ட் அறிக்கைகளைச் சான்றாக ஏற்கின்றன. அவற்றைப் பார்க்கவே முடியாதவர் எதைக் காட்டுவார்?

யூடிஆருக்கு முந்தைய ‘அ’ பதிவேடு (ஊரின் சர்வே எண் வாரியான நில விவரப் பட்டியல்), செட்டில்மென்ட் பதிவேடு, பழைய புலப்படம் மூன்றையும் ஸ்கேன் செய்து இணையத்தில் ஏற்றுங்கள். முதலில் வேண்டியது பழைய, புதிய சர்வே எண்களின் ஒப்பீட்டுப் பட்டியல். அது இல்லாமல் மற்றவை கிடைத்தும் பயனில்லை. சான்றிட்ட நகலுக்குக் கட்டணம் வையுங்கள், மக்கள் கட்டுவார்கள். தாள்கள் தொட்டால் உதிரும் நிலையில் இருக்கின்றன, தள்ளிப்போட நேரமில்லை.

வரும் ஜமாபந்தியில், அதாவது ஆண்டுதோறும் நடக்கும் ஊர்க் கணக்குத் தணிக்கையில், ஏற்காடு வட்டத்தின் ஏடுகளை ஊர் வாரியாக மக்கள் முன் வைத்து இதைத் தொடங்கி வைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
பத்திர எழுத்தர் ஒருவர்,
சேலம்