தொட்டியை மாட்டும் முன் சுவரைப் பாருங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

போன ஞாயிறு உங்கள் இணைப்பிதழில் மதில்சுவரைச் செடிகளால் அலங்கரிப்பது பற்றி முழுப்பக்கம் வந்திருந்தது. படங்கள் எல்லாம் கண்ணுக்குக் குளிர்ச்சி. ஆனால் செடி, தொட்டி, கலர் இவற்றைப் பற்றித்தான் பேச்சே தவிர, அத்தனையையும் சுமக்கப்போகிற சுவரைப் பற்றி ஒரு வரி இல்லை. கட்டட வேலையில் சைட் சூப்பர்வைசராகக் காலம் தள்ளியவன் நான், இப்போது வீட்டோடு இருந்து செடி வளர்க்கிறேன். சுவர் சார்பில் யாராவது பேச வேண்டாமா என்றுதான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளம். வெட்டித்தான் ஆகவேண்டும் என்றால் முன்னால் வெட்டுங்கள், மண்ணைப் பற்றிச் சொல்லியிருக்கும் பின்பகுதியை விட்டுவிடாதீர்கள்.

சென்னையில் நடுத்தர வீடுகளின் மதில் பல இடங்களில் நாலரை இன்ச் கனம்தான். பத்தடிக்கு ஒரு தூண், இடையில் ஒற்றைச் செங்கல், இரண்டு பக்கமும் பூச்சு, அவ்வளவுதான். ஒரு லிட்டர் பிடிக்கும் தொட்டி நூறு மாட்டினால், கோகோபீட் (தேங்காய் நார்த்தூள்) கலவையாக இருந்தால் நனைந்த நிலையில் நூறு கிலோவுக்குப் பக்கத்தில் வரும். செம்மண்ணையே நிரப்பி மாட்டிவிட்டால் நூற்றெழுபது, நூற்றெண்பதுக்குப் போகும், அதுவும் சுவரின் ஒரே பக்கத்தில். ஒன்பது இன்ச் சுவருக்கு இது ஒரு பொருட்டே இல்லை. நாலரை இன்ச் சுவரில், அதிலும் ஏற்கெனவே விரிசல் ஓடியிருக்கும் சுவரில், டிரில் போட்டு ராவல் பிளக் அடித்து இத்தனை பாரத்தைத் தொங்கவிடுவது வேண்டாத வேலை. தொட்டிதான் வேண்டும் என்பவர்கள் தரையில் காலூன்றி நிற்கிற மாதிரி ஒரு இரும்பு ஆங்கிள் ஃபிரேம் செய்து சுவருக்கு முன்னால் நிறுத்திவிடுங்கள். பாரம் தரைக்குப் போய்விடும், சுவர் பாட்டுக்குச் சுவராக இருக்கும்.

பாரத்தையாவது சமாளிக்கலாம். ஓதம், அதாவது சுவரில் ஊறும் ஈரம் இருக்கிறதே, அதுதான் பெரிய எதிரி. தொட்டியின் அடி ஓட்டையிலிருந்து வடிகிற தண்ணீர் சுவரை ஒட்டியே இறங்கும், தொட்டிகளைத் தாங்கும் பேனலுக்குப் பின்னால் வெயிலும் படாது காற்றும் போகாது. ஒரு மழைக்காலம் முடிந்த பிறகு அந்தப் பேனலைக் கழற்றிப் பாருங்கள். பெயின்ட் கொப்புளம் கொப்புளமாக உப்பியிருக்கும், தொட்டால் பொருக்காகக் கையோடு வரும், உள்ளே பூச்சின் மேல் வெள்ளையாக உப்புப் பூத்திருக்கும், நகத்தால் கீறினால் மணலாக உதிரும். மூலையில் நத்தை குடித்தனம் நடத்தும். காக்கை எச்சத்தில் வந்து விழுந்த அரச விதை ஒன்று பூச்சு வெடிப்பில் முளைத்து விரல் தடிமனுக்கு வேர் விட்டிருந்தாலும் ஆச்சரியமில்லை. இரண்டு இலை விடும்போதே கண்ணில் பட்டிருந்தால் கையால் பிடுங்கிவிடலாம், பேனலுக்குப் பின்னால் யார் பார்ப்பது? அப்புறம் அது பொதுச்சுவராகவும் இருந்துவிட்டால் கேட்கவே வேண்டாம், நம் பக்கம் பசுமை, அந்தப் பக்கம் பக்கத்து வீட்டுக்காரருக்குப் பெயின்ட் செலவு. அதனால் என்ன மாட்டினாலும் சுவருக்கும் அதற்கும் நடுவில் இரண்டு மூன்று இன்ச் இடைவெளி கட்டாயம் விடுங்கள்.

அடுத்தது வெயில். "தெற்குப் பார்த்த சுவரில் வெயில் அதிகம், வடக்குப் பார்த்த சுவர் நிழல்" என்று கட்டுரையில் எழுதியிருந்தீர்கள். ஐரோப்பாவுக்கு அது சரி. சென்னை இருப்பது வட அட்சம் 13 டிகிரியில். ஏப்ரல் கடைசியில் சூரியன் நம் உச்சந்தலைக்கு நேராக வந்து, அதற்குப் பிறகு வடக்கே நகர்ந்து, ஆகஸ்ட் நடுவில்தான் திரும்பவும் தலைக்கு மேல் வருகிறது. ஆக மே, ஜூன், ஜூலையில் வெயில் வாங்குவது வடக்குப் பார்த்த சுவர்தான். கத்திரி வெயிலில் தெற்குப் பார்த்த சுவர் நிழலில் இருக்கும், மார்கழி தை மாதங்களில் அதே சுவரில் நாள் முழுக்க வெயில் அடிக்கும். தை மாதம் வடக்குப் பார்த்த சுவரைப் பார்த்து "நல்ல நிழல்" என்று ஃபெர்ன் வாங்கி மாட்டினால் மே மாதம் அப்பளமாகிவிடும்.

இன்னொன்றிலும் ஆட்கள் குழம்புகிறார்கள். மனையின் கிழக்கு எல்லையில் இருக்கிற மதிலைக் "கிழக்குச் சுவர்" என்போம், ஆனால் வீட்டுக்குள்ளிருந்து நாம் பார்க்கிற முகம் மேற்குப் பார்த்தது. மத்தியானத்துக்கு மேல் முழு வெயிலும் அதன் மேல்தான். மேற்கு எல்லை மதிலின் உள்முகத்துக்குக் காலை வெயில் மட்டும் படும், செடிக்கு அதைவிட நல்ல இடம் கிடையாது. நர்சரிக்காரர் "எந்தச் சுவர் சார்?" என்று கேட்டால் அது எந்தப் பக்கம் பார்க்கிறது என்று சொல்லுங்கள், இல்லாவிட்டால் அவர் நல்ல மனதோடு தவறான செடியைக் கொடுத்து அனுப்பிவிடுவார்.

உங்கள் பக்கத்தில் பெரிதாகப் போட்டிருந்த அந்தப் பாரிஸ் படத்துக்கு வருகிறேன். கே பிரான்லி அருங்காட்சியகத்தின் சுவர் அது. பாத்ரிக் பிளாங்க் என்ற பிரெஞ்சுத் தாவரவியலாளர் 2004இல் அமைத்தது, ஏறக்குறைய 800 சதுர மீட்டர். அதில் மண் கிடையாது. இரும்புச் சட்டத்தில் பி.வி.சி. பலகை, அதன் மேல் கம்பளம் மாதிரி ஃபெல்ட் துணி, துணியின் கீறலுக்குள் செடி. மேலே ஓடும் குழாயிலிருந்து உரம் கலந்த தண்ணீர் வேளாவேளைக்குக் கசிந்துகொண்டே இருக்கும். மலேசியா, தாய்லாந்துக் காடுகளில் மண்ணே இல்லாத பாறையில் செடிகள் வளர்வதைப் பார்த்துக் கற்றுக்கொண்டவர் அவர். நம் குற்றாலம் பக்கத்துப் பாறைகளிலும் அதே காட்சிதான். தண்ணீர் கசிகிற வரைக்கும் பாசியும் ஃபெர்னும் மண்டிக் கிடக்கும், நின்றுவிட்டால் வெறும் கரும்பாறை. பாரிஸ் வெயிலுக்கு, கவனிக்க ஆள் வைத்திருக்கும் அருங்காட்சியகத்துக்கு அது சரிப்படும். அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு நம் ஊரில் ஃபெல்ட் பை வாங்கி மேற்கு வெயிலில் மாட்டுகிறவர்களுக்குக் காலையில் ஊற்றிய தண்ணீர் சாயங்காலம் வரை நிற்காது.

தண்ணீர் என்றதும் "சொட்டு நீர் போட்டால் போதும், கவலை விட்டது" என்கிறார்கள். எங்கள் பக்கம் போர் தண்ணீர் உப்பு. தண்ணீரைச் சொட்டவிடும் டிரிப்பர் வாயில் வெள்ளையாகக் காரை கட்டிவிடும். மேல் வரிசையில் ஒன்று அடைத்துக்கொண்டால் வெளியே ஒன்றும் தெரியாது, அதன் கீழே இருக்கிற செடி வாடிய பிறகுதான் விஷயம் தெரியும். நாமோ செடிக்கு நோய் என்று மருந்து அடித்துக்கொண்டிருப்போம். டிரிப்பரைக் கழற்றி எலுமிச்சை உப்புக் கரைசலில் ஊறப்போட்டால் காரை விட்டுவிடும், ஆனால் வேலை வேலைதான். ஆர்.ஓ. மெஷினின் கழிவுத் தண்ணீரைச் சின்னத் தொட்டிகளுக்கு ஊற்றவே கூடாது, அதில் உப்பு இன்னும் கெட்டி. ஏ.சி.யிலிருந்து சொட்டுகிற தண்ணீரில் உப்பே இல்லை, செடிக்குத் தண்ணீர் அதிகம் தேவைப்படும் அதே மாதங்களில்தான் அதுவும் அதிகம் கிடைக்கும். ஒரு வாளி வைத்துப் பிடித்துக்கொள்ளுங்கள், மூடிவைக்க மறக்காதீர்கள். தொட்டிகளுக்கு அடியில் வைக்கும் தட்டையும் வாரம் ஒரு தடவையாவது கவிழ்த்துவிடுங்கள். ஒரு வாரம் பத்து நாள் நல்ல தண்ணீர் தேங்கினால் போதும், டெங்கு கொசுவுக்கு முட்டையிலிருந்து பறக்கிற வரைக்கும் அங்கேயே ஆகிவிடும்.

2019 கோடையை மறந்திருக்க மாட்டீர்கள். ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் சென்னைக்குக் குடிதண்ணீர் வந்த வருஷம். அந்த மாதிரி இன்னொரு கோடை வந்தால், குடத்துக்கு வரிசையில் நின்றுவிட்டு வந்து நூறு டம்ளர் சைஸ் தொட்டிகளுக்கு யார் தண்ணீர் ஊற்றுவார்கள்?

இனிமேல்தான் நான் சொல்ல வந்த விஷயம். வீட்டைச் சுற்றி ஒரு சாண் மண் விடாமல் பேவர் பிளாக், டைல்ஸ் என்று மூடிவிடுகிறோம். கேட்டால் "சேறு மிதிபடும் சார், கூட்டிப் பெருக்க வசதி" என்பார்கள். வெளியே தெருப்பக்கமும் மதில் ஓரம் வரைக்கும் சிமென்ட். 2003இல் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கினார்கள், எல்லோரும் ஒரு குழியைத் தோண்டிக் கணக்குக் காட்டினோம், பிறகு மிச்ச மண்ணையெல்லாம் மூடிவிட்டோம். மூடிய பிறகு வீடு அனலாக இருக்கிறது என்று கடையில் பிளாஸ்டிக் தொட்டி வாங்கி, அதில் காசு கொடுத்து வாங்கிய மண்ணைப் போட்டு, சுவரில் தொங்கவிடுகிறோம். எனக்கு இது விளங்கவே இல்லை.

பேவர் பிளாக் மணலில்தான் உட்கார்ந்திருக்கிறது, சிமென்டில் இல்லை. நாலைந்து கல்லைக் கடப்பாரையால் நெம்பினால் வந்துவிடும். மதிலை ஒட்டித் தோண்டாமல் ஒரு அடி ஒன்றரை அடி தள்ளி (அடியில் சுவரின் அஸ்திவாரம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், அதைக் குடைய வேண்டாம்), ஒரு அடிக்கு ஒரு அடி, இரண்டடி ஆழத்துக்குத் தோண்டி, செம்மண்ணும் மக்கிய சாணியெருவும் போட்டு ஒரு கொடியை வையுங்கள். சுவரில் எல் கிளாம்ப் அடித்து இரண்டு மூன்று இன்ச் தள்ளி வெல்ட் மெஷ் (இரும்புக் கம்பி வலை) கட்டுங்கள். கடற்கரைப் பக்கம் இரும்பு சீக்கிரம் துருப்பிடிக்கும், அங்கே சவுக்குக் கம்பும் நைலான் பந்தல் வலையும் போதும். அந்த ஒரு குழிக் கொடி பத்தடிச் சுவரை மூடிவிடும். அதன் வேர் தானாகக் கீழே போய்த் தண்ணீர் தேடிக்கொள்ளும், நாம் ஊருக்குப் போய்விட்டு ஒரு வாரம் கழித்து வந்தாலும் காத்திருக்கும். சுவருக்கும் இலைக்கும் நடுவில் காற்று ஓடுவதால் ஓதம் ஏறாது, சுவர் சூடாவதும் குறையும். அரசங்கன்று முளைத்தால் பக்கவாட்டில் எட்டிப் பார்த்தே கண்டுபிடித்துவிடலாம்.

என்ன கொடி என்பது அவரவர் விருப்பம். மேற்கு வெயில் சுவருக்கு ரங்கூன் மல்லி, சங்குப்பூ, காகிதப்பூ (முள் தெருவில் போகிறவர் மேல் படாமல் வெட்டிவிட வேண்டும்). காலை வெயிலுக்கு முல்லையும் ஜாதிமல்லியும். மேலே மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவர் ஓரம் வைத்துக் கீழே தொங்கவிட கர்ட்டன் கிரீப்பரைப் போல ஒன்று கிடையாது, பெயருக்கேற்றபடி திரைச்சீலையாகவே இறங்கும். ஆடியில் விதை போட்டால் அவரை, பீர்க்கன். வேலியில் தானாக வருகிற கோவைக்கொடியையும் பிரண்டையையும் முடக்கத்தானையும் பிடுங்கி எறிந்துவிட்டுப் பெயர் தெரியாத செடியைக் காசு கொடுத்து வாங்குகிறவர்களை என்ன சொல்ல! நர்சரியில் "வால் கிரீப்பர்" என்று தருகிற சின்ன இலைக் கொடிக்கு வலையே வேண்டாம், சுவரிலேயே ஒட்டி ஏறும். கருங்கல் சுவருக்கும் பெயின்ட் அடிக்காத சுவருக்கும் மட்டும் அதை வையுங்கள், பிடுங்க நேர்ந்தால் பெயின்டோடுதான் வரும், வெட்டாமல் விட்டால் தடித்த கிளையாகி வெளியே நீட்டும்.

"கொடி வைத்தால் பாம்பு வரும்" என்று கட்டாயம் யாராவது எழுதுவார்கள். பாம்பு எலிக்காக வருகிறது. கீழே ஒரு அடி உயரம் வரை இலையைக் கழித்துவிட்டு, அடியில் சருகையும் தட்டுமுட்டுச் சாமானையும் சேர்க்காமல் இருந்தால் பயப்பட ஒன்றுமில்லை.

மண்ணே இல்லாத அடுக்குமாடிக்காரர்கள் என்ன செய்வார்கள்? அவர்களுக்குத்தான் அந்தத் தொட்டிகள், அதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. ஒரு டஜனோடு ஆரம்பியுங்கள். வெயில் தாங்கும் பிளாஸ்டிக்கா என்று கேட்டு வாங்குங்கள், மட்டமானது ஒன்றிரண்டு கோடையிலேயே பிஸ்கட்டாக நொறுங்கும். கோகோபீட்டை இரண்டு மூன்று தடவை அலசி உப்பை எடுத்துவிட்டு நிரப்புங்கள். வெயிலில் டேபிள் ரோஸ், ஓமவல்லி. வெளிச்சமுள்ள நிழலில் மணி பிளாண்ட், சிங்கோனியம், ரியோ. மேல் வரிசை சீக்கிரம் காயும், கீழ் வரிசை அழுகும், ஆகவே தண்ணீர் அதிகம் கேட்கும் புதினாவைக் கீழேயே வையுங்கள்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை இப்படிப் படம் போடும்போது கீழே ஒரு வரி சேருங்கள்: எந்த ஊர்ச் சுவர், எந்தத் திசை பார்த்தது, தண்ணீர் எங்கிருந்து வருகிறது. முடிந்தால் நம் ஊர்ச் சுவர் ஒன்றைத் தேடிப் பிடித்து, தை மாதம் ஒரு படமும் கத்திரி முடிந்து ஜூன் மாதம் ஒரு படமும் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் போடுங்கள். வாசகர்களிடமே கேட்டாலும் அனுப்புவார்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
நங்கநல்லூர், சென்னை – 61