அக்காவுக்கு, திருநீற்றுப் புதனன்று

ஸ்காபரோ, கனடா
14.02.2024

அன்புள்ள அக்கா,

நீங்கள், அத்தான், பிள்ளைகள் எல்லோரும் சுகமாக இருக்க பாலையூற்று மாதாவை மன்றாடுகிறேன். நான் நல்ல சுகம். எத்தனையோ கடிதத்தில் இப்படி எழுதியிருக்கிறேன், இந்தத் தடவைதான் அது உண்மை.

போன ஞாயிறு போனில் கதைத்தபோது, சின்னவன் சாமத்தில் வருகிறான், வாய் மணக்கிறது, கேட்டால் கத்துகிறான் என்று அழுதீர்கள். "சரி அக்கா, பிறகு எடுக்கிறேன்" என்று வைத்துவிட்டேன். வேலைக்கு நேரமாகிவிட்டது என்றல்ல. நான் சொல்ல வேண்டியது போனில் சொல்லக்கூடியதில்லை. நீங்கள் அழ, நானும் அழ, சொல்ல வந்தது பாதியில் நின்றுவிடும். இன்று திருநீற்றுப் புதன். மாலைப் பூசைக்குப் போய்வந்து, நெற்றிச் சாம்பலைக்கூடத் துடைக்காமல் மேசையில் இருந்து எழுதுகிறேன்.

முதலில் அம்மாவின் விஷயம். 2019இல் அம்மா போனபோது லீவு தரவில்லை என்று சொன்னேன். பொய் அக்கா. லீவு தந்தார்கள். கூட இருந்த பொடியன்கள் டிக்கெட்டுக்கென்று 1,400 டொலர் சேர்த்துக் கையில் தந்தார்கள். விடிந்ததும் டிக்கெட் எடுக்கலாம் என்று அன்று இரவு ஒரு போத்தல் வாங்கினேன். எனக்குத் தெளிந்தபோது பதினொரு நாள் போயிருந்தது. காசும் இல்லை, அம்மாவை அடக்கம் செய்து ஒரு கிழமைக்கு மேல். தம்பிக்கு லீவு கிடைக்கவில்லை என்று நீங்கள் ஊருக்கெல்லாம் சொல்லி என் மானத்தைக் காத்தீர்கள்.

இரண்டாவது, உங்கள் காப்பு. நான் கனடாவுக்கு வெளிக்கிட முந்தின வருடம் அலுமாரியிலிருந்து காணாமல் போன இரண்டு காப்பையும் எடுத்தது நான்தான். அடகு வைத்தேன், மீட்கவில்லை. வீட்டு வேலைக்கு வந்துகொண்டிருந்த பிள்ளைதான் எடுத்திருப்பாள் என்று எல்லோரும் முடிவு கட்டி அவளை நிறுத்தினோம். ஒரு சொப்பிங் பையில் உடுப்பை வைத்துக்கொண்டு அவள் படலையைத் திறந்து போனாள். நான் விறாந்தையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். வாய் திறக்கவில்லை. பையின் ஒரு காது அறுந்திருந்தது, அதைக் கையால் அணைத்துப் பிடித்துக்கொண்டு போனாள். இன்றும் கண்ணை மூடினால் அந்தப் பைதான் தெரிகிறது.

சின்னவன் இப்போது நிற்கிற இடத்தில் நானும் நின்றவன், அதனால்தான் இதெல்லாம் சொல்கிறேன். எனக்கு முதல் சாராயம் சுனாமியோடு வந்தது. 2004 மார்கழியில் கடற்கரையில் சடலங்கள் தூக்கிய இரவு, யாரோ ஒரு கப்பில் ஊற்றித் தந்தார்கள். நித்திரை வந்தது. அடுத்த இரவும் நித்திரைக்காகக் குடித்தேன். இதைக் காரணமாகச் சொல்லவில்லை. அன்று என்னோடு நின்று தூக்கியவர்களில் எத்தனையோ பேர் குடியில் விழவில்லை. எப்படித் தொடங்கியது என்று நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

கனடா வந்தால் திருந்துவான் என்று நம்பித்தானே கடன்பட்டு அனுப்பினீர்கள். இங்கே மாகாண அரசாங்கமே மதுக்கடை நடத்துகிறது, 1927இலிருந்து. எங்கள் ஊர்த் தவறணை மாதிரி இருட்டும் நாற்றமும் இல்லை. சுப்பர் மார்க்கெட் மாதிரி வெளிச்சம், தள்ளுவண்டி, சிரித்த முகத்தோடு ரசீது. யாரும் பார்த்துவிடுவார்களோ என்ற பயமே இல்லை. இரவு வேலை, பகல் நித்திரை, நிலவறையில் ஒரு அறை. வின்ரரில் வேலைக்குப் போகும்போதும் இருட்டு, வரும்போதும் இருட்டு. இரண்டுக்கும் நடுவில் போத்தல்.

2022 ஆவணியில் ஒரு நாள், இனிக் குடிப்பதில்லை என்று நானாகவே முடிவெடுத்து அறையைப் பூட்டிக்கொண்டு படுத்தேன். மூன்றாம் நாள் கை கால் உதறி, வலிப்பு வந்து, அறை நண்பன் அம்புலன்ஸை அழைத்திருக்கிறான். ஆஸ்பத்திரியில் கண் விழித்தபோது கட்டிலைச் சுற்றி மான்கள். எங்கள் திருகோணமலைக் கோட்டைக்குள் திரியுமே, கோணேசர் கோயிலுக்குப் போகிற பாதையில் கச்சானுக்குக் கையை மணக்குமே, அந்தப் புள்ளிமான்கள். பளிங்குத் தரையில் குளம்பு சறுக்கச் சறுக்க நடக்கின்றன. விழப்போகின்றன, பிடியுங்கள் என்று தாதியிடம் தமிழில் கத்தினேனாம். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு விடியும்வரை இருந்தார்.

நாள்தோறும் கடுமையாகக் குடித்தவன் திடீரென்று நிறுத்தினால் உயிரே போகலாம் என்று டொக்டர் பிறகுதான் சொன்னார். மருந்து தந்து, விட்டமின் பி1 ஏற்றி, மெல்ல மெல்லத்தான் இறக்குவார்கள். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள் அக்கா. சின்னவன் எவ்வளவு குடிக்கிறான் என்று எங்களுக்குச் சரியாகத் தெரியாது. கோபத்தில் அறையில் போட்டுப் பூட்ட வேண்டாம் என்று அத்தானிடம் சொல்லுங்கள். முதலில் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போங்கள்.

ஆஸ்பத்திரியிலிருந்து விடும்போது ஒரு துண்டில் விலாசம் எழுதித் தந்தார்கள். ஒரு தேவாலயத்தின் நிலவறை, வியாழன் இரவு ஏழரைக்கு. ஏ.ஏ. என்பார்கள், ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், குடியை விட நினைக்கிறவர்கள் ஒருவருக்கொருவர் துணை நிற்கிற கூட்டம். வட்டமாக மடக்குக் கதிரைகள், மூலையில் கோப்பி. ஊர் பெயர் கேட்கவில்லை, முழுப் பெயரும் கேட்கவில்லை. என் முறை வந்தபோது பெயரைச் சொல்லி, நான் குடிநோயாளி என்றேன். எல்லோரும் ஒரே குரலில் என் பெயரைச் சொல்லி வணக்கம் சொன்னார்கள். எத்தனை வருடத்துக்குப் பிறகு என் பெயரை ஏச்சு இல்லாமல் கேட்டேன் தெரியுமா? அதற்கு மேல் பேச முடியவில்லை. பக்கத்தில் இருந்த கிழவர் ஒரு பேப்பர் துவாயை மட்டும் நீட்டினார்.

அந்தக் கிழவர்தான் என் வழிகாட்டி. ஐரிஷ் வம்சம், கத்தோலிக்கர், முப்பது வருடமாகக் குடிக்காதவர். அடுத்த கிழமை வந்தபோது, "கதிரை அடுக்குவது உன் வேலை" என்றார். ஒன்றுக்கும் உதவாதவன் என்று பெயரெடுத்த எனக்கு ஒரு பொறுப்பு. ஆனாலும் ஐப்பசி தொடக்கத்தில் ஒரு முறை விழுந்தேன். வந்து பார்த்தார், ஏசவில்லை. "இன்றைக்கு வியாழன், கதிரை அடுக்க ஆள் இல்லை" என்றார். ஐப்பசி 9ஆம் தேதியிலிருந்து எண்ணுகிறேன், இன்றைக்கு 493 நாள்.

ஏ.ஏ. ஒரு சபை அல்ல, எந்தச் சமயத்தவரும் வரலாம். ஆனால் அதன் வேர் கிறிஸ்தவ மண்ணில் ஊன்றியது. 1935இல் அமெரிக்காவின் அக்ரன் நகரில் ஒரு பங்குத் தரகரும் ஒரு சத்திரசிகிச்சை டொக்டரும், இரண்டு பேருமே குடிகாரர், ஒருவருக்கு ஒருவர் மனம் விட்டுப் பேசித் தொடங்கியது. குடிகாரரை ஆஸ்பத்திரிகள் சேர்க்காத காலம். அங்கே சிஸ்டர் இக்னேஷியா என்ற கன்னியாஸ்திரி 1939இல் இரைப்பை வருத்தம் என்று பதிந்து முதல் ஆளை உள்ளே எடுத்தார். சுகமாகிப் போகிற ஒவ்வொருவர் கையிலும் இயேசுவின் திரு இருதயச் சின்னம் ஒன்றை வைத்து, "மறுபடி குடிக்கப் போகுமுன் இதை என்னிடம் திருப்பித் தந்துவிட்டுக் குடி" என்று சொல்லி அனுப்புவாராம். இதைக் கேட்ட இரவு எனக்கு எங்கள் முன் அறைதான் ஞாபகம் வந்தது. திரு இருதயப் படம், அதன் கீழே அணையாமல் எரியும் சிவப்பு பல்ப். எத்தனை இரவு அந்த வெளிச்சத்தில் சுவரைப் பிடித்துப் பிடித்து என் அறைக்குப் போயிருக்கிறேன்.

ஏ.ஏ.யில் பன்னிரண்டு படிகள் உண்டு. ஐந்தாவது படி, செய்த பிழைகளைக் கடவுளுக்கும் தனக்கும் இன்னொரு மனிதருக்கும் உள்ளபடி ஒப்புக்கொள்வது. சின்ன வயதிலிருந்து பாவசங்கீர்த்தனம் செய்து வளர்ந்த எனக்கு இது புதிதல்ல. ஆனால் நான் எப்போதும் மேலோட்டமாக நாலு பாவம் சொல்லிவிட்டு எழும்பி வந்தவன். கிழவரின் காரில் மூன்று மணித்தியாலம் இருந்தேன். கண்ணாடி எல்லாம் மூச்சில் பனிபிடித்துவிட்டது. அந்தப் பையைப் பற்றி அங்கேதான் முதன்முதலாக வாயால் சொன்னேன். அடுத்த சனிக்கிழமை பாதரிடம் போய் அதையே சொன்னேன். அவர் தலையில் கை வைத்துப் பாவமன்னிப்பு சொன்னபோது, அக்கா, உண்மையிலேயே தோளிலிருந்து மூட்டை இறங்கியது.

எங்கள் ஆட்கள் முன்னால் போக மட்டும் கனகாலம் வெட்கமாக இருந்தது. தமிழ்ப் பூசைக்குப் போனால் கடைசி வாங்கில் இருந்துவிட்டு முதல் ஆளாக வெளிக்கிடுவேன். யாழ்ப்பாணத்து அன்ரி ஒருவர் வாசலில் மறித்து, "செபமாலைக்கு இந்தக் கிழமை எங்கள் வீடு, வா" என்றார். போனேன். பிறகு ஒரு பிறந்தநாள் வீட்டில் என் முன்னால் வைத்த கிளாஸை அவர் ஒரு வார்த்தை பேசாமல் எடுத்துப் போய், தேத்தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். யாருக்கும் தெரியவில்லை. இரவு ஒன்பது மணிக்கு இன்றுவரை போன் வரும், "சாப்பிட்டியா?" என்று. கடவுள் என்னைத் தூக்கினார் என்று நான் முழுமனதோடு சொல்கிறேன். ஆனால் அவர் தூக்கிய கைகள் அந்தத் தாதியுடையவை, அந்தக் கிழவருடையவை, இந்த அன்ரியுடையவை.

கிழவர் சொன்ன இன்னொரு ஆளைப் பற்றியும் எழுத வேண்டும். டப்ளினில் மாட் டால்பட் என்று ஒரு கூலித் தொழிலாளி, 1856இல் பிறந்தவர். சிறுபிள்ளையிலேயே குடியில் விழுந்தவர். 28 வயதில், கையில் காசில்லாமல் மதுக்கடை வாசலில் நின்றபோது, தான் எத்தனையோ நாள் வாங்கிக் கொடுத்த நண்பர்களில் ஒருவன்கூட உள்ளே கூப்பிடவில்லை. வீட்டுக்குப் போய் தாயிடம் சொல்லிவிட்டு, மூன்று மாதத்துக்குக் குடிக்க மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தார். அதன் பிறகு 1925இல் பூசைக்குப் போகிற வழியில் விழுந்து இறக்கும்வரை தொடவில்லை. 1975இல் திருச்சபை அவரை வணக்கத்துக்குரியவர் என்று அறிவித்தது, புனிதர் பட்டத்துக்குப் போகிற வழியில் அது ஒரு படி. குடித்த காலத்தில், தெருவில் பிடில் வாசித்துப் பிழைத்த ஒருவரின் பிடிலைத் திருடி விற்றுக் குடித்திருக்கிறார். திருந்திய பிறகு அவரைத் தேடித் தேடித் திரிந்தும் கண்டுபிடிக்க முடியவில்லை. கடைசியில் அந்தக் காசை அவருடைய ஆன்மாவுக்குப் பூசை வைக்கக் கொடுத்தார். அம்மாவிடம் இனி நான் மன்னிப்புக் கேட்க முடியாது. அம்மாவுக்கு மாதாமாதம் பூசை வைக்கிறேன்.

காப்புக்கு இந்த மாதம் 600 டொலர் அனுப்புகிறேன். இரண்டு பவுண் காப்புக்குக் காணாது என்று தெரியும். மிச்சம் மாதாமாதம் வரும். வேண்டாம் என்று சொல்லாதீர்கள்.

சின்னவனின் கடனை மட்டும் நீங்கள் அடைக்க வேண்டாம். என் கடனை அடைத்தீர்கள், அது அன்பு, ஆனால் எனக்கு அடுத்த போத்தலுக்கு வழி திறந்தது. குடிகாரரின் வீட்டாருக்கென்றே இங்கே அல்-அனொன் என்று கூட்டங்கள் நடக்கின்றன, 1951இல் தொடங்கியது. அங்கே வருகிற தாய்மாரைப் பார்க்கும்போதெல்லாம் உங்களைத்தான் நினைக்கிறேன். நீங்களும் யாரிடமாவது வாய்விட்டுச் சொல்லுங்கள். பாதரிடம் சொல்லுங்கள். மானம் போய்விடும் என்று மூடி மூடி வைத்துத்தான் நான் இவ்வளவு தூரம் போனேன்.

கடிதத்துக்குள் ஒரு திரு இருதயச் சின்னம் வைத்திருக்கிறேன். அவனிடம் கொடுங்கள், புத்தி சொல்ல வேண்டாம். குடிக்கத் தோன்றினால் எனக்குப் போன் எடுத்து, "மாமா, இதைத் திருப்பித் தரப்போறன்" என்று சொன்னால் போதும். அங்கே இரவு எட்டு மணி என்றால் இங்கே காலை ஒன்பதரை, நான் விழித்திருப்பேன். நான் நித்திரை என்றாலும் எடுக்கட்டும்.

அந்தப் பிள்ளை மூதூர்ப் பக்கம் என்று ஞாபகம். தாய் மீன் விற்றவ. நீங்கள் கோபத்தில் இருந்தாலும் பரவாயில்லை, எனக்குப் பதில் எழுதாவிட்டாலும் பரவாயில்லை, அவள் எங்கே இருக்கிறாள் என்று மட்டும் விசாரியுங்கள். காப்பை அவள் எடுக்கவில்லை, நான்தான் எடுத்தேன் என்று இந்தக் கடிதத்தையே காட்டுங்கள். தைப்பொங்கலுக்குள் ஊருக்கு வரக் காசு சேர்க்கிறேன். அவளுடைய வீட்டு வாசலுக்கு நானே போக வேண்டும்.

உங்கள் தம்பி