செட்டும் செட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஆத்தங்குடிக் கல் செய்யும் முறை பற்றித் தங்கள் நாளிதழில் அண்மையில் வந்த கட்டுரையை, அதே கல் பாவிய எங்கள் வீட்டு முகப்பில் உட்கார்ந்து படித்தேன். கண்ணாடியின் மேல் வண்ணச் சாந்தை ஊற்றி, அதன்மேல் சிமென்ட்டும் மணலும் இட்டு அழுத்துவதும், தண்ணீர்த் தொட்டியில் ஊறவைத்து உலர்த்தும்போது கண்ணாடி தானாகக் கழன்றுகொள்வதும் பிழையின்றி எழுதப்பட்டிருந்தன. ஆனால் வண்ணம் செட் ஆக வேண்டும், கலவை செட் ஆக வேண்டும், புதுவீடுகளுக்கும் இந்தக் கல் நன்றாக செட் ஆகிறது என்று மூன்று வேலைகளை ஒரே சொல்லின் தலையில் ஏற்றியிருந்ததைக் கண்டு, முப்பது ஆண்டுகள் ஆங்கிலம் கற்பித்தவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

ஆங்கிலத்தில் அச்சொல் சுமக்கும் பாரம் சிறிதன்று. 1989இல் வந்த ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் இரண்டாம் பதிப்பு, வினையாக வரும் 'செட்' ஒன்றுக்கே 430 பொருள்களைத் தந்து, அவற்றை விளக்க ஏறத்தாழ 60,000 சொற்களைச் செலவிட்டது. (பின்னர் 'ரன்' 645 பொருள்களோடு முந்திக்கொண்டது.) உட்காரவைத்தல் என்ற பொருளுடைய பழைய ஆங்கில வினையிலிருந்து ஒரு 'செட்' வந்தது, பின்பற்றுவோர் கூட்டத்தைக் குறித்த 'செக்டா' என்னும் லத்தீன் சொல், பிரெஞ்சு வழியாக வந்து தொகுதியைக் குறிக்கும் இன்னொரு 'செட்' ஆயிற்று. ஆகவே பம்பு செட்டும், 'எனக்கு இது செட் ஆகவில்லை' என்பதும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள் அல்ல.

அவர்களுக்கு ஒரு வினை போதும் என்ற இடங்களில் நமக்கு வேறுவேறு வினைகள் இருக்கின்றன. சூரியன் மறைகிறது, தயிர் உறைகிறது, சாந்து இறுகுகிறது, முறிந்த எலும்பு கூடுகிறது, தோட்டில் கல் பதிக்கிறார்கள், எலிக்குப் பொறி வைக்கிறோம். என் வகுப்பில் ஒரு மாணவன், எல்லாவற்றுக்கும் 'வை' பொருந்தும் என்று நம்பி, 'சூரியன் மேற்கே வைத்தது' என்று எழுதினான். அவனைத் திருத்த எனக்கு ஒரு நிமிடம் ஆனது; தயிர்கூட 'செட்' ஆகும் காலத்தில் பெரியவர்களை யார் திருத்துவது?

தனித்தமிழ் வெறியில் இதை எழுதவில்லை. பம்பு செட்டையும் செட் தோசையையும் பெயர் மாற்றச் சொல்ல எனக்கு மனம் வராது. கானாடுகாத்தான் வளவுகளில், அதாவது பெரிய செட்டிநாட்டு வீடுகளில், சினிமாப் படம் எடுக்க வருபவர்கள், 'செட் போடும் செலவு மிச்சம்' என்று சொன்னால் அதுவும் சரியே.

ஆனால் செட்டிநாட்டில் வேறொரு செட்டு உண்டு. அது சிக்கனத்தைக் குறிக்கும் நம் சொல். கட்டும் செட்டுமாக வாழ்ந்தவர்கள் என்று முன்னோரைச் சொல்வோம். அடுத்த தை மாதம் திருமணம் ஆகவிருக்கும் என் பேத்தியிடம், "செட்டாகக் குடும்பம் நடத்தணும்" என்று என் மனைவி சொன்னபோது, அவள், "மாமியாரோட செட் ஆனாப் போதாதா, அப்பத்தா?" என்று கேட்டாள்.

கட்டுரை ஆசிரியர் கொட்டான் என்னும் ஓலைக்கூடை முடைவது பற்றியும் அடுத்து எழுதவிருப்பதாக அறிகிறேன். அதில் ஓலைக்குச் சாயம் ஏறுகிறது என்றே எழுதும்படி அவரைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர்,
காரைக்குடி.